காலை ஊன்றாமல் பாறை ஏற: சென்னையில் டிரையல்ஸ் வண்டியைத் தயார் செய்து ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

காலை ஊன்றாமல் கல், மேடு தாண்டும் பைக் போட்டிக்கு டிரையல்ஸ் என்று பெயர். அதற்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பாறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வண்டி கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கல்லின் மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள். கிளட்ச் லீவர் வளைகிறது, கணுக்கால் வீங்குகிறது, அடுத்த மாதம் வண்டி விற்பனைக்கு வருகிறது. வரிசை மாறிப்போனதுதான் இதற்குக் காரணம்.

இந்தப் போட்டியில் வேகத்துக்குப் பரிசு இல்லை. கற்கள், சரிவுகள், குறுகிய திருப்பங்கள் கொண்ட சிறிய தடத்தைச் செக்‌ஷன் என்பார்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு கண்காணிப்பாளர் நின்று நீங்கள் கால் ஊன்றுவதை எண்ணுவார். ஊன்றவே இல்லை என்றால் 0. ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, மூன்று அல்லது அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கே வெற்றி.

எனவே நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் போகத் தெரிய வேண்டும். அதற்கு கிளட்ச் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும், டயர் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும். நேற்று ஒரு மாதிரி, இன்று வேறு மாதிரி நடக்கிற வண்டியில் கை எதையும் கற்றுக்கொள்ளாது. முதலில் ஸ்பானர், அப்புறம் சமநிலை, பாறை கடைசியில்தான்.

1. எந்த வண்டி, என்னென்ன பொருள்

பீட்டா, காஸ்காஸ், ஷெர்கோ, மாண்டெசா, டிஆர்எஸ் போன்றவர்கள் டிரையல்ஸுக்கென்றே செய்கிற வண்டிகள் 70 கிலோவை ஒட்டி இருக்கும். உட்காரச் சீட் கிடையாது. டேங்க் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்தால் விலை எகிறிவிடும்.

கைக்கு எட்டுவது ஹீரோ எக்ஸ்பல்ஸ், பழைய இம்பல்ஸ், அல்லது நூறு கிலோ அளவில் இருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100. எக்ஸ்பல்ஸில் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. டிரையல்ஸ் வண்டிக்கும் இதே அளவுதான். ஆனால் எடை 150 கிலோவுக்கு மேல். என் கருத்து இது: கீழே 9ஆம் படி வரை எக்ஸ்பல்ஸில் தாராளமாகப் பழகலாம். இடுப்பளவுப் பாறைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். சரிந்தால் உங்கள் காலின் மேல்தான் சரியும்.

இப்படிச் சாலை வண்டியில் பழகுபவர்கள் செய்ய வேண்டிய முதல் மாற்றம் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பது. முதல் கியரில் நடை வேகம் தானாக வந்துவிடும், கிளட்சை எந்நேரமும் வழுக்கவிட்டு எரிக்க வேண்டாம். ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழையது வாங்கினால் பல்லின் நுனி கொக்கி போல வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி, நம்பர் பிளேட், விளக்கு எல்லாம் கழற்றிவிட்டு அதே வண்டியில் ஓஎம்ஆரில் போகலாம் என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பதிவெண் இல்லாத வண்டியை இடத்துக்கு இடம் கொண்டுபோகக் குட்டி யானைதான் வழி.

தேவையான பொருள்கள்: ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, கணுக்காலை முழுவதும் மூடும் பூட்ஸ், குறைந்த அழுத்தம் காட்டும் காற்று மீட்டர், ஒரு கைப்பம்ப். தொழிற்சாலை சேஃப்டி ஷூ பாதத்தைக் காக்கும், கணுக்காலைக் காக்காது.

2. இடம்

தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூர், செங்கல்பட்டு பக்கம் கரடுமுரடான தனியார் நிலம் நிறைய இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள். கேட்காமல் நுழைந்தால் அடுத்து வருகிறவருக்கும் கதவு அடைந்துவிடும்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. நன்மங்கலம் போன்ற காப்புக்காடுகள் வேண்டவே வேண்டாம். மாமல்லபுரத்துப் பாறைகள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஏரிக்கரை மண்ணைப் பின்சக்கரம் கிளறினால் மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் உடைப்பு எடுக்கும். கடற்கரை மணலில் ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வரும். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பழைய கல்குவாரிகளில் தண்ணீரின் ஆழம் வெளியே தெரியாது. விளிம்பில் பழகுவது தற்கொலைக்குச் சமம்.

செக்‌ஷன் அமைக்கக் கல்லைப் புரட்டும்போது முதலில் தடியால் தட்டுங்கள். இந்தப் பக்கத்தில் கண்ணாடி விரியன் சாதாரணம். தனியாகப் போகாதீர்கள். கூட வருபவருக்கு எந்த மருத்துவமனை பக்கம் என்று முன்பே தெரிந்திருக்கட்டும்.

3. டயர் காற்று

எல்லாவற்றிலும் முதல் வேலை இதுதான். உண்மையான டிரையல்ஸ் டயரில் பின்னால் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 6 முதல் 7 இருந்தால் போதும். தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனிடம் சொன்னால் நம்ப மாட்டார். “ரிம்மு போயிடும் தம்பி” என்று 30 அடித்து அனுப்புவார். அவர் சொல்வது சாலைக்குச் சரி. இங்கே டயர் கல்லைச் சுற்றி மடங்கி அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். காற்று அதிகமானால் கல்லின் மேல் துள்ளி நழுவும்.

சாதாரண மீட்டர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே சரியாகக் காட்டாது. 15 வரை மட்டுமே காட்டும் மீட்டராக வாங்குங்கள். 4க்கும் 6க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஒரு செக்‌ஷன் முடிவாகிறது.

சென்னை வெயில் இங்கேதான் விளையாடும். காலையில் 27 டிகிரியில் 4.5 வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று வையுங்கள். பதினொரு மணிக்கு டயருக்குள் 47 டிகிரி ஆகியிருந்தால் அதே காற்று 5.8ஐத் தொட்டிருக்கும். மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும்; சூடு ஏறும்போது மொத்த அழுத்தமும் விரிவதால் சிறிய எண்ணில் மாற்றம் பெரிதாகத் தெரியும். அதனால் வீட்டில் வைத்த காற்றை நம்பாமல், வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் ஓட்டிவிட்டு, செக்‌ஷனுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். நிழலில் நிறுத்தி வைத்திருந்த வண்டி என்றால் திரும்பவும் பாருங்கள்.

டியூப் டயர் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாமல் 12க்குக் கீழே போகாதீர்கள். காற்று குறைந்த டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும், டியூபையும் இழுக்கும், வால்வு பிய்ந்துவிடும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியை ஒட்டி ஏற்றி வையுங்கள். வால்வு சாய்ந்து நின்றால் டியூப் நகர்ந்துவிட்டது என்று கண்ணிலேயே தெரியும்.

4. கிளட்ச்

இந்த விளையாட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கிளட்ச் விரல்தான். ஆக்சிலரேட்டரை ஒரு அளவில் வைத்து, கிளட்சால் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவீர்கள். எனவே பிடிக்கும் இடம் மாறவே கூடாது.

கேபிள் கிளட்ச் என்றால் லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். தளர்வே இல்லாமல் இறுக்கிவிட்டால் தட்டுகள் முழுதாக ஒட்டாது, வழுக்கி எரிந்துபோகும். கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு உள்ளே எண்ணெய் இறக்குங்கள். உள்கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் கேபிள் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே புத்தம் புதிதாகவே தெரியும்.

ஹைட்ராலிக் என்றால் அதில் என்ன எண்ணெய் என்று கையேட்டில் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சுக்கு மினரல் ஆயில், பிரேக்குக்கு டாட் 4. இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிப்போகும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

கியர் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளட்ச் தட்டுகள் அந்த எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன, இடைவிடாமல் வழுக்கி வழுக்கி அதைக் கெடுக்கின்றன. சாலை வண்டியில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும் பைக் ஆயிலே ஊற்றுங்கள். காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கக்கூடும்; அது கிளட்சை நழுவவிடும்.

சில வாரம் நின்ற வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். கிளப்பியதும் கியர் போட்டால் கிளட்ச் லீவரை அழுத்தியிருந்தாலும் வண்டி பாயும். எஞ்சினைக் கிளப்பும் முன் கியரில் போட்டு, கிளட்சை அழுத்தி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி விடுவியுங்கள். சுவரைப் பார்த்து நிறுத்திக் கிளப்புகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

5. லீவர், ஹேண்டில்பார், கில் சுவிட்ச்

கிளட்ச், முன்பிரேக் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு விரல்தான், ஆள்காட்டி விரல். மற்ற மூன்று விரலும் பிடியை விடக் கூடாது. அந்த ஒரு விரல் லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும், அங்கேதான் குறைந்த பலத்தில் முழு அழுத்தம் கிடைக்கும். பெரும்பாலான வண்டிகளில் லீவர் பிடிக்கு மிக அருகில் இருக்கும். கிளாம்பைத் தளர்த்தி உள்பக்கம் நகர்த்துங்கள். கிளாம்பை முழு பலத்தோடு இறுக்காதீர்கள். விழும்போது லீவர் சுழன்று தப்பிக்கட்டும்.

லீவர், ஹேண்டில்பார் உயரத்தை நின்றுகொண்டு சரிபார்க்க வேண்டும், உட்கார்ந்து அல்ல. முழு நேரமும் நின்றே ஓட்டப்போகிறீர்கள்.

மணிக்கட்டில் மாட்டும் கயிறு கொண்ட, கயிறு இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சைப் போட்டியில் மட்டுமின்றிப் பயிற்சியிலும் மாட்டுங்கள். கைவிட்ட வண்டி ஆக்சிலரேட்டர் ஒட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்வதைத் தடுப்பது இது ஒன்றுதான். ஒவ்வொரு காலையும் எஞ்சின் ஓடும்போது இழுத்துப் பாருங்கள்.

6. காற்று வடிகட்டி, பெட்ரோல், சூடு

ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒட்டுப்பசை கரையும். மண்ணெண்ணெய் அல்லது சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுவதும் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மண் தூசி மாவு போல நுணுக்கமானது, உள்ளே போனால் பிஸ்டனைத் தேய்த்துவிடும்.

டூ-ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டிக்கு லிட்டருக்கு 10 முதல் 15 மில்லி 2டி ஆயில் கலப்பது வழக்கம். உங்கள் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. ஆர்எக்ஸ் 100இல் ஆயில் பம்ப் தனியாக இருக்கிறது, அது வேலை செய்தால் டேங்கில் கலக்க வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து கொள்ளுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நின்றால் அடியில் தண்ணீர் பிரிந்து கார்புரேட்டரை அரிக்கும்.

நடை வேகத்தில் எஞ்சினுக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. செக்‌ஷன் வரிசையில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் இருந்தால் இடுக்கில் சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். கத்திரி வெயிலில் காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்பது ஓட்டுபவருக்கும் நல்லது. உப்புப் போட்ட மோர் எடுத்துப் போங்கள்.

7. ஸ்போக், செயின், பேரிங்

ஸ்போக்குகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள். மந்தமான சத்தம் தருவது தளர்ந்தது. செயின் நடுவில் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். வண்டியைக் கண்டதும் பிரஷர் வாட்டரை எடுத்துவிடுகிற சர்வீஸ் கடையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஸ்விங்ஆர்ம், லிங்கேஜ், ஹெட் பேரிங்குகளில் கிரீஸ் கழுவிப்போகும். செயின் ஸ்ப்ரே டிஸ்க்கில் படாமல் துணியால் மறையுங்கள்.

8. நிற்கப் பழகுதல்

இனி ஓட்டலாம். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு.

பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில். குதிகால் பக்கம் ஊன்றினால் கணுக்கால் மடங்காது, அதிர்ச்சி நேரே முதுகுக்குப் போகும். முழங்கால் லேசாக வளையட்டும், டேங்கைக் கவ்வ வேண்டாம். இடுப்பு கொஞ்சம் பின்னால், முழங்கை வெளியே, கண் தூரத்தில்.

ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முன்பிரேக்கை அழுத்தி அப்படியே நில்லுங்கள். சாயும்போது காலை ஊன்றாமல் இடுப்பை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று வினாடிதான் வரும். பலர் இதை அலுப்பென்று தாண்டிப் போகிறார்கள். அவர்கள்தான் பிறகு செக்‌ஷன் நடுவில் ஒரு நொடி நின்று யோசிக்க முடியாமல் காலை ஊன்றுகிறார்கள். தினம் பத்து நிமிடம், கார் நிறுத்துமிடத்திலேயே செய்யலாம்.

9. முழு வட்டமும் எட்டும்

சமதரையில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, கிளட்ச் பாதி, பின்பிரேக் லேசாக, முதல் கியரில் சுற்றுங்கள். பின்பிரேக் ஏன்? எஞ்சின் கொஞ்சம் பாரத்தை எதிர்த்து ஓடும்போதுதான் திடுக்கிடாமல் ஓடும்.

வண்டி உள்பக்கம் சாயட்டும், உங்கள் உடல் வெளிப்பக்கம். வெளிப்பக்கக் காலில்தான் எடை. புதியவர்கள் சாலைப் பழக்கத்தில் வண்டியோடு சேர்ந்து சாய்கிறார்கள். அந்த வேகத்தில் வண்டி கீழே விழத்தான் செய்யும். இடது வட்டம் சுலபமாக வரும், வலது வராது. ஆக்சிலரேட்டர் கை மார்புக்கு நெருங்கி மணிக்கட்டு மடங்கிவிடுவது காரணம். எனவே வலது வட்டத்தில் இரு மடங்கு நேரம் செலவிடுங்கள்.

இரண்டும் வந்ததும் எட்டு போடுங்கள். பிறகு அதே எட்டை லேசான சரிவில். சரிவில் எட்டு சுத்தமாக வரும் வரை கல்லைத் தொடாமல் இருந்தால் மேலே சொன்ன வளைந்த லீவரும் வீங்கிய கணுக்காலும் பெரும்பாலும் தவிரும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்சைப் பிடிக்காதீர்கள். கியரில் நிற்கும் எஞ்சினே பின்சக்கரத்துக்குப் பிரேக். கிளட்சைப் பிடித்ததும் வண்டி பின்னோக்கி உருளும், முன்பிரேக் மட்டும் அதைத் தாங்காது. வண்டியை மெதுவாகக் குறுக்கே திருப்பி, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள்.

10. மரத்துண்டு, அப்புறம் கல்

வெட்டிய தென்னை மரம் எளிதாகக் கிடைக்கும். ஒரு சாண் கனமுள்ள துண்டைப் போட்டு, இருபுறமும் முளை அடித்து அசையாமல் நிறுத்துங்கள். முளை இல்லாவிட்டால் பின்சக்கரம் தொடும்போது துண்டு உருளும்.

நேர்கோணத்தில் நெருங்கி, துண்டுக்குச் சற்று முன்னே முழங்காலை மடக்கிச் சஸ்பென்ஷனை அழுத்தி, ஒரு சிறு ஆக்சிலரேட்டர் தட்டலோடு கிளட்சை விட்டு நிமிருங்கள். முன்சக்கரம் லேசாக எழுந்து மரத்தின் மேல் விழும். கையால் ஹேண்டிலை இழுத்துத் தூக்குவது வீண். தூக்குவது கிளட்சும் காலும்தான்.

பெரிய தவறு இதற்குப் பிறகு நடக்கிறது. முன்சக்கரம் ஏறிய மகிழ்ச்சியில் ஆக்சிலரேட்டரைப் பிடித்தே இருக்கிறார்கள். பின்சக்கரம் மரத்தைத் தொடும்போது எஞ்சின் சக்தி இருந்தால் டயர் வழுக்கும் அல்லது பின்பக்கம் எகிறும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டர் மூடி, கிளட்ச் உள்ளே, முழங்கால் தளர்வாக இருக்க வேண்டும். வந்த வேகமே ஏற்றிவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே தென்னந்துண்டு சோப்பு மாதிரி ஆகிவிடும். அதில் வந்தால் நிஜமாகவே வந்துவிட்டது என்று பொருள்.

கல்லுக்கும் இதே வரிசைதான், உயரம் மட்டும் மெதுவாகக் கூடட்டும். எஞ்சினுக்குக் கீழே காக்கும் அடித்தட்டு இல்லாத வண்டியில் எஞ்சின் உடையும்.

11. செக்‌ஷனை நடந்து பார்த்தல்

போட்டியில் ஓட்டும் முன் எல்லோரும் நடந்து பார்ப்பார்கள். புதியவர்கள் பெரிய கல்லின் முன்னே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முடிவுப் பலகையிலிருந்து திரும்பி நடந்து வாருங்கள். கடைசித் தடையில் வண்டி எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அதற்கு முந்தைய திருப்பத்தை எங்கே தொடங்குவது என்று தெரியும்.

சர்வதேச விதியில் வலது எல்லைக்குச் சிவப்பு, இடது எல்லைக்கு நீலம். முன்சக்கரத்தின் அச்சு தொடக்கப் பலகையைத் தாண்டும்போது கணக்கு தொடங்கி, முடிவுப் பலகையைத் தாண்டும்போது முடியும். கால் ஊன்றாமல் நடுவில் நின்றால் தண்டனையா என்பது போட்டிக்குப் போட்டி மாறுகிறது. அன்றைய விதித்தாளைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

குனிந்து கல்லைக் காலால் அசைத்துப் பாருங்கள். அசைகிற கல்லில் பின்சக்கரம் தள்ளப் பிடி கிடைக்காது. உங்களுக்கு முன்னே ஓட்டியவர்கள் மண்ணைக் கிளறி வைத்திருப்பார்கள், முதலில் போட்ட திட்டம் செல்லாமல் போகலாம். ஒருவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு இறங்குவது புத்திசாலித்தனம். பத்துப் பேரைப் பார்த்துவிட்டு இறங்குவது பயத்தைத்தான் வளர்க்கும்.

12. எண்ணிக்கையை எப்படி மிச்சம் பிடிப்பது

சமநிலை போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே, நீங்கள் தேர்ந்த இடத்தில், ஒரே முறை உறுதியாக ஊன்றி எழுந்துகொள்ளுங்கள். வீம்புக்குப் பிடித்துக்கொண்டிருந்து விழுந்தால் 1க்குப் பதில் 5.

மூன்று முறை ஊன்றிவிட்டீர்களா? இனி எத்தனை முறை ஊன்றினாலும் 3தான். இரண்டு காலாலும் துழாவிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நான்காவது ஊன்றலைத் தவிர்க்கப் போராடி எஞ்சினை நிறுத்திக் கவிழ்ந்துவிடுபவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். இருவர் சமமாக முடித்தால் அதிகம் 0 வைத்திருப்பவர் முன்னே வருவார். அதனால் எளிய செக்‌ஷனில் அலட்சியம் வேண்டாம்.

13. அன்று மாலையே செய்ய வேண்டியவை

சூடு ஆறியதும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதி என்றால் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். செயினுக்கு எண்ணெய். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி மிச்சப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பிறகு ரிம் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், நெளிவு இருந்தால் குறைந்த காற்றில் டயர் கசியும். ஃபோர்க் குழாயில் ஒட்டிய சேற்றை ஈரத்துணியால் எடுங்கள், காய்ந்தால் சீலைக் கிழிக்கும். ஃபில்டரைக் கழற்றி நனைத்து வையுங்கள். வளைந்த லீவரை நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள், நிமிர்த்திய இடத்தில்தான் அடுத்த தடவை உடையும்.